அகல நெகட்டிவுக்கு வீட்டு ஸ்கேனர் போதுமா?

வழக்கமான 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் 36 மி.மீ. நீளம், 24 மி.மீ. உயரம். ஃபுஜியோடு சேர்ந்து ஹாசல்பிளாட் 1998-இல் கொண்டுவந்த எக்ஸ்பான் கேமரா, அதே ஃபிலிமில் 65 மி.மீ. நீளத்துக்குப் படம் பிடித்தது. 36 படச் சுருளில் 21 படம்தான் விழும். ஃபுஜி ஜிஎக்ஸ்617 போன்றவை அதைவிட அகலமான 120 ஃபிலிமில் 168 மி.மீ. வரை போயின. எடுப்பதைவிட இவற்றைக் கணினியில் ஏற்றுவதுதான் பாடு. 35 மி.மீ. ஃபிலிமுக்கென்றே செய்த ஸ்கேனர்கள் வழக்கமான படத்துக்கு அளவெடுத்தவை. எக்ஸ்பான் படத்தை இரண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். மூடியில் விளக்கு வைத்த பிளாட்பெட் ஸ்கேனருக்கு இந்தத் தொல்லை இல்லை. எப்சன் வி600-இல் ஃபிலிமுக்கான பரப்பு ஏறக்குறைய 68 மி.மீ. அகலம், 240 மி.மீ. நீளம். ஜிஎக்ஸ்617-இன் 168 மி.மீ. படமே (இனி 617 படம்) ஒரே வீச்சில் அடங்கிவிடும். விலை குறைந்த கருவி என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. அகல நெகட்டிவைப் பொறுத்தவரை அந்த ஒதுக்கல் நியாயமில்லை.

ஒதுக்குபவர்கள் சொல்லும் முதல் காரணம் கூர்மை. அதில் உண்மை இருக்கிறது. பெட்டியில் 6,400 டிபிஐ (அங்குலத்துக்கு 6,400 புள்ளி) என்று அச்சிட்டிருந்தாலும், கோட்டு அட்டையை வைத்துச் சோதித்தால் வி600 பிரித்துக் காட்டுவது சுமார் 1,500-தான். பெரிய அண்ணனான வி850 சுமார் 2,300 வரை போகும். சென்சாரில் புள்ளிகள் நெருக்கமாக இருந்தும், அவற்றுக்கு ஈடாகப் பார்க்கும் லென்ஸ் உள்ளே இல்லை. 36 மி.மீ. படத்துக்கு இது பெரிய இழப்பு. ஆனால் அதே 1,500-ஐ 168 மி.மீ. நீளத்துக்குக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 9,900 பிக்சல் வருகிறது; அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 33 அங்குலப் பிரிண்ட் போடலாம். வி850-இல் எக்ஸ்பான் படம் 19 அங்குலத்தைத் தாண்டும். வீட்டுச் சுவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? 6,400-இலேயே ஸ்கேன் செய்வேன் என்று அடம்பிடித்தால், 16 பிட் வண்ணத்தில் 617 படம் ஒன்றே மூன்றரை ஜிபி பிடிக்கும். கூடுதலாக ஒரு இலைகூடத் தெரியாது.

டிஜிட்டல் கேமராவில் மேக்ரோ லென்ஸ் மாட்டி, நெகட்டிவை ஒளிப்பலகையில் வைத்துப் படமெடுப்பதே மேல் என்பது அடுத்த வாதம். சாதாரண 35 மி.மீ. படத்துக்கு நானும் அதைத்தான் சொல்வேன். அகலப் படத்தில் கணக்கு மாறுகிறது. 24 மெகாபிக்சல் கேமராவின் சென்சார் நீளவாக்கில் 6,000 பிக்சல். எக்ஸ்பான் படம் அதில் நீளத்தை நிரப்பும்போது மேலும் கீழுமாகக் கிட்டத்தட்டப் பாதி வீணாகி, அங்குலத்துக்குச் சுமார் 2,300 பிக்சல்தான் மிஞ்சும். வி850-உம் அதையே தருகிறது. 617 படத்திலோ 900 சொச்சம், அதாவது வி600-க்கும் கீழே. மிஞ்ச வேண்டுமானால் பல துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். ஒட்டும் மென்பொருள் இன்று கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனாலும் இரண்டு துண்டுக்கும் பொதுவான விவரம் அதற்கு வேண்டும். மூடுபனியிலும் வெற்று வானத்திலும் அது எதைப் பிடித்துக்கொள்ளும்? விளக்கொளி ஓரங்களில் சற்றே மங்கினாலும் வானத்தில் வரிவரியாகத் தெரியும். அகலப் படம் எடுப்பவர்கள் தேடிப்போவதே வானத்தையும் கடலையும்தான். இதற்கெல்லாம் மேலே, கண்காட்சிக்கு ஆளுயரப் பிரிண்ட் வேண்டுமென்றால் டிரம் ஸ்கேன் செய்யும் கூடத்துக்குப் போவதே சரி.

வீட்டு ஸ்கேனரின் நிஜமான எதிரி ஃபிலிமின் சுருளல். வி600-இன் குவியம் மாறாதது. நீள ஃபிலிம் நடுவில் தொய்ந்தால் அந்த இடம் மட்டும் மங்கும். ஃபிலிமின் வழவழப்பான பக்கம் சாதாரணக் கண்ணாடியைத் தொட்டாலோ வானவில் வளையங்கள் விழும். இரண்டுக்கும் மருந்து, சொரசொரப்பேற்றிய கண்ணாடியால் ஃபிலிமை அழுத்தி வைப்பது. ஸ்கேனரின் மென்பொருள் தானாகவே படத்தை 36 மி.மீ.-க்கு வெட்டப் பார்க்கும். அந்த வசதியை அணைத்துவிட்டு எல்லையைக் கையால் வரைய வேண்டும். கறுப்பு வெள்ளை ஃபிலிமென்றால் அகச்சிவப்புத் தூசி நீக்கியையும் அணைக்க வேண்டும், வெள்ளித் துகளையே தூசியென்று எண்ணிவிடும். எக்ஸ்பான் படத்தின் இரு ஓரமும் இருண்டு வந்தால் ஸ்கேனரைத் திட்டாதீர்கள். அது அகலக் கோண லென்ஸின் குணம்; அதைச் சமன்செய்ய நடுவில் கறுத்த ஃபில்டர் தனியாக விற்றார்கள், அது மாட்டாமல் எடுத்த படத்தைக் கணினியில்தான் திருத்த முடியும்.