பம்பைக் கழற்றும் முன் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்

"பன்னிரண்டு கொடுத்த வண்டி இப்போ பத்துதான் கொடுக்குது" என்ற புலம்பலைத் தமிழ்நாட்டின் எந்த வேன் ஸ்டாண்டிலும் கேட்கலாம். பொலேரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா, குட்டி யானை என்று வண்டி மாறுமே தவிர பேச்சு மாறாது. அதைச் சில்லறைப் புகார் என்று தள்ளிவிடவும் முடியாது. மாதம் 3,000 கி.மீ. ஓடும் வண்டி லிட்டருக்கு 12 கி.மீ. கொடுத்தால் 250 லிட்டர் டீசல் போதும். 10 கொடுத்தால் 300 லிட்டர் வேண்டும். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் வித்தியாசம் மாதத்துக்கு 4,600 ரூபாய். தவணை கட்டி ஓட்டுபவருக்கு அது பெரிய தொகை. சிக்கல் அடுத்த அடியில்தான் தொடங்குகிறது. மைலேஜ் இறங்கியதும் நேரே பம்பு கடைக்குப் போவதும், நாஸிலையும் இன்ஜெக்டரையும் கழற்றுவதும் இங்கே வழக்கமாகிவிட்டது. டீசல் இன்ஜினுக்குள்தான் எரிகிறது, ஆகவே நோயும் அங்கேதான் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டீசல் எந்த வேலைக்குச் செலவாகிறது என்று கணக்குப் போட்டால், நம்மால் மிச்சம் பிடிக்கக்கூடிய பங்கில் பெரும்பகுதி இன்ஜினுக்கு வெளியே இருப்பது தெரியும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: மைலேஜ் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா? 1,000 ரூபாய்க்கு டீசல் போட்டு, அது தீரும்வரை ஓட்டி, மீட்டரைப் பார்த்துச் சொல்லும் கணக்கு கணக்கே அல்ல. டீசல் நுரைக்கும் எண்ணெய்; நாஸில் தானாக நின்றதும் டேங்க் நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டால் ஒரு முறைக்கும் மறு முறைக்கும் ஒரு லிட்டர்கூட வேறுபடும். 10 லிட்டர் மட்டும் போட்டுக் கணக்குப் பார்ப்பவருக்கு அந்த ஒரு லிட்டர் 10 சதவீதப் பிழை. 50 லிட்டர் போடுபவருக்கு அதுவே 2 சதவீதம். எனவே டேங்க் நிரப்பி, ஓட்டி, அதே பங்கில் அதே முறையில் மறுபடி நிரப்பி, போட்ட லிட்டரையும் ஓடிய தூரத்தையும் ஏற்றிய லோடையும் ஒரு நோட்டில் எழுதி, நாலைந்து முறையின் சராசரியைப் பார்க்க வேண்டும். மீட்டரும் முழு நம்பிக்கைக்குரியது அல்ல. அது அளப்பது சக்கரத்தின் சுற்றுகளை. தேய்ந்த டயர் புது டயரைவிட ஆறு மில்லிமீட்டர் ஆரம் குறைந்திருந்தால், ஓடாத தூரத்தையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 2 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அதனால்தான் புது டயர் மாட்டிய மாதத்தில் மைலேஜ் "குறைகிறது". புது டயரின் தடித்த ரப்பர் சற்றே கூடுதல் இழுவை கேட்பதும் இதோடு சேரும். இன்ஜினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

லிட்டருக்கு இத்தனை கி.மீ. என்று சொல்லும் பழக்கமும் கொஞ்சம் ஏமாற்றும். 15 கொடுத்த வண்டி 13 ஆனாலும், 12 கொடுத்த வண்டி 10 ஆனாலும் "ரெண்டு குறைஞ்சிடுச்சு" என்றே சொல்கிறோம். 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டால் முதல் வண்டிக்குக் கூடுதல் செலவு ஒரு லிட்டர், இரண்டாவதுக்கு ஒன்றேமுக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. லோடு வண்டி வைத்திருப்பவர் நோட்டில் எழுத வேண்டிய எண் இதுதான்.

இனி டீசலின் கணக்கு. ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 36 மெகாஜூல். அதில் பாதிக்கும் மேல் புகையாகவும் ரேடியேட்டர் சூடாகவும் போய்விடும். அது இன்ஜினின் இயற்பியல், எந்த மெக்கானிக்காலும் மாற்ற முடியாது. அன்றாட ஓட்டத்தில் சக்கரத்துக்கு வந்து சேர்வது சுமார் 10 முதல் 12 மெகாஜூல். இந்தக் கையிருப்பை நான்கு செலவுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன: டயர் உருளும்போது வரும் தடை, எதிர்க்காற்று, மேடு ஏறுவது, பிரேக்கில் சூடாகக் கரைவது. லோடோடு மூன்று டன் எடையுள்ள பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை சுமார் 1,900 மீட்டர் உயரம். அந்த மூன்று டன்னை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 56 மெகாஜூல் வேண்டும். அதாவது, ஐந்து லிட்டர் டீசல். ஏறத்தாழ 50 கி.மீ. மலைப்பாதையில் உருளும் தடைக்கும் வளைவுகளுக்கும் ஆவது தனி. அந்த ஏற்றத்தில் லிட்டருக்கு ஏழு கிடைத்தால் வண்டி ஆரோக்கியமாகவே இருக்கிறது. காலியாக ஏறி, கேரட் மூட்டையோடு இறங்கும் வண்டியின் மைலேஜையும், மளிகையும் சிமென்டும் ஏற்றிப்போய்க் காலியாகத் திரும்பும் வண்டியின் மைலேஜையும் பக்கத்தில் வைத்துப் பேசுவது வீண் சண்டை.

சமவெளியில் மேடு இல்லை, பிரேக் இருக்கிறது. மூன்று டன் வண்டி 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனுள் 400 கிலோஜூலுக்குச் சற்று மேல் இயக்க ஆற்றல் இருக்கிறது. பிரேக் மிதித்து நிறுத்தினால் அத்தனையும் டிரம்மில் சூடாகிக் காற்றில் போகும். மறுபடி அதே வேகம் எடுக்க 35 முதல் 40 மில்லி டீசல் வேண்டும். காசாக்கினால் ஒவ்வொரு முழு நிறுத்தமும் மூன்றரை ரூபாய். சிக்னல் சிவப்பாவதைத் தூரத்திலேயே பார்த்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே வண்டியை உருளவிடும் டிரைவர் நாளொன்றுக்கு முப்பது முறை அதில் பாதியை மிச்சம் பிடித்தாலும் ஐம்பது ரூபாய் ஆகிறது. கியரை நியூட்ரலில் போட்டு இறக்கினால் இன்னும் மிச்சம் என்று வாதிடுபவர்கள் உண்டு. பழைய வண்டியிலும் அது ஆபத்து, கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடும் சி.ஆர்.டி.ஐ. வண்டியில் அது நஷ்டமும்கூட. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் கம்ப்யூட்டர் டீசலை அறவே நிறுத்திவிடும், சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடித்தாக வேண்டும். மலை இறக்கத்தில் பிரேக் காய்ந்து பிடிக்காமல் போகும் அபாயம் வேறு.

ஆனால் பிரேக்கின் பெரிய திருட்டு, மிதிக்காதபோது நடப்பது. லைனர் மாற்றியபின் இறுக்கமாக அட்ஜஸ்ட் செய்த பின்சக்கரம், துருப்பிடித்துத் திரும்பாத ஹேண்ட் பிரேக் கேபிள், காலிப்பரில் சிக்கிய பிஸ்டன்: எதுவாக இருந்தாலும் பேட் முழுதாக விடுபடாமல் உரசிக்கொண்டே வரும். பத்து கிலோவைத் தூக்கும் அளவு விசை, நான்கு சக்கரத்திலும் சேர்த்து எதிர்த்து இழுத்தால் போதும், 100 கி.மீ.க்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் போய்விடும். வண்டி ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் டர்போ இன்ஜின் சத்தமில்லாமல் அதையும் சேர்த்து இழுத்துவிடும். கண்டுபிடிப்பது எளிது. பத்து கி.மீ. ஓட்டி, கடைசியில் பிரேக்கை அதிகம் தொடாமல் நிறுத்தி, நான்கு சக்கரத்தின் நடுப்பகுதியிலும் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். தொடாமல், கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும். பிறகு ஜாக்கியில் தூக்கி ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பாருங்கள். டயர் காற்றும் இதே கணக்கில் வரும். நான்கு டயரிலும் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் இறங்கும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை கார்களுக்குச் சொல்லும் அளவு. பத்து பி.எஸ்.ஐ. குறைந்து ஓடும் லோடு வண்டிகள் நம் ஊரில் அபூர்வமல்ல. டயர் ஓரம் தேய்ந்து போகும் செலவும் இதோடு சேரும். காற்றைக் காலையில் டயர் ஆறியிருக்கும்போது, கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் லோடுக்குச் சொன்ன அளவில் பார்க்க வேண்டும். வீல் அலைன்மென்ட் பற்றித் தனியாக எழுதத் தேவையில்லை. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலே போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது காற்று. எதிர்க்காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏறும்: 60லிருந்து 80க்குப் போனால் அது 78 சதவீதம் கூடுகிறது. முகப்பு தட்டையான ஒரு பிக்கப்புக்கு இது 100 கி.மீ.க்கு ஒன்றரை லிட்டர் அளவுக்கு வரும். கேபினுக்கு மேலே இரண்டடி உயரத்துக்கு மூட்டையோ பஞ்சோ அடுக்கினால் காற்றை நேருக்கு நேர் வாங்கும் பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். இறுக்கிக் கட்டாத தார்ப்பாய் படபடப்பதும் சேர்த்தி. லோடு கனமாக இருப்பதைவிட உயரமாக இருப்பது நெடுஞ்சாலையில் அதிக டீசல் கேட்கும் நேரங்கள் உண்டு என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். இந்த இடத்தில் டிரைவர்கள் சொல்லும் மறுப்பு நியாயமானது: "60ல போனா கோயம்பேட்டுக்கு எப்ப போய்ச் சேர்றது?" 100 கி.மீ.க்கு 60ல் 100 நிமிடம், 80ல் 75 நிமிடம். அந்த 25 நிமிடத்தின் விலை டீசலில் சுமார் 140 ரூபாய். விடியற்காலை ஏலத்துக்குக் காய் கொண்டுபோகும் வண்டிக்கு 140 ரூபாய் பெரிதல்ல, நேரம்தான் பெரிது, வேகமாகவே போகட்டும். இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டி அதே வேகத்தில் பறப்பதற்குத்தான் காரணம் எதுவும் இல்லை. டாப் கியரில் 60க்கும் 65க்கும் இடையில் வருவதே என் கணிப்பில் சரியான சமரசம். மெதுவாகப் போகிறேன் என்று டாப் கியரில் முப்பதுக்கு இறக்கி, இன்ஜினை முக்கவிட்டு, கரும்புகை தள்ளுவதும் வீண்தான்.

அப்படியானால் இன்ஜினில் கோளாறே வராதா? வரும். ஆனால் பெரும்பாலும் சொல்லிவிட்டே வரும். இன்டர்கூலர் ஹோஸில் கீறல் விழுந்தால் 'உஸ்' என்ற சத்தமும் இழுவைக் குறைவும் சேர்ந்து வரும். இன்ஜெக்டர் ஒழுகினால் கரும்புகையும் ஐடிலில் நடுக்கமும். கிளட்ச் நழுவினால் இன்ஜின் சுற்று ஏறும், வண்டி ஏறாது. ஏர் ஃபில்டரைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். நவீன பெட்ரோல் கார்களில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் சோதித்தது. வேகம் எடுப்பது மந்தமானது, மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை. பழைய மெக்கானிக்கல் பம்பு டீசலில் கதை வேறு: அந்தப் பம்புக்குக் காற்று எவ்வளவு வருகிறது என்றே தெரியாது, டீசலைத் தள்ளிக்கொண்டே இருக்கும், மிச்சம் புகையாகப் போகும். எனவே ஃபில்டர் மாற்றுவது வண்டியின் வயதைப் பொறுத்துப் பலன் தரும்.

சொல்லாமல் வரும் கோளாறுகள் இரண்டு உண்டு, அவற்றை மறைத்தால் என் வாதம் நேர்மையாக இருக்காது. ஒன்று, தெர்மோஸ்டாட். கோடையில் ஹீட் ஆகிறது என்று அதைக் கழற்றி எறியும் பழக்கம் நம் பட்டறைகளில் வெகுகாலமாக இருக்கிறது. அது இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். குளிர்ந்த இன்ஜின் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் டீசலைக் கூட்டிக் கொடுக்கும். வெயில் ஊரில் இது ஒன்றும் செய்யாது என்ற நினைப்பு தவறு. ஹீட் முள் நடுவுக்கு வராமல் கீழேயே கிடக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பலவற்றில் இருக்கும் டி.பி.எஃப். எனப்படும் புகைக்கரி வடிகட்டி. சேர்ந்த கரியைச் சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துத் தள்ள வண்டி கூடுதல் டீசலைப் பாய்ச்சும். நீண்ட தூரம் ஓடும் வண்டியில் இது அபூர்வமாக நடந்து முடிந்துவிடும். ஊருக்குள் நாலு கி.மீ. ஓடி, இறக்கி, நின்று, மறுபடி ஓடும் டெலிவரி வண்டியில் எரிப்பு பாதியில் நின்று நின்று திரும்பத் தொடங்கும். வாரம் ஒருமுறை அந்த வண்டியை அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டுவதே அதற்கான மருந்து.

டி.பி.எஃப்.பையே அறுத்து எடுத்து, புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பும் ஈ.ஜி.ஆரை அடைத்து, கம்ப்யூட்டரை மாற்றி எழுதித் தருகிறோம் என்று அழைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் மைலேஜ் கொஞ்சம் கூடவும் கூடும். ஆனால் விதிக்கு மாறாக வண்டியைத் திருத்தும் உரிமையாளருக்கு, 2019 திருத்தத்துக்குப் பின்னான மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. வடிகட்டியில் நிற்க வேண்டிய கரி, பின்னால் வரும் பைக்காரரின் நுரையீரலில் நிற்கும். டேங்கில் ஊற்றும் மருந்து, டீசல் குழாயில் கட்டும் காந்தம் ஆகியவற்றுக்கு ஒரு வரி போதும்: அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைப் பார்த்தும் மைலேஜைக் கணிசமாகக் கூட்டும் ஒன்றையும் காணவில்லை. மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னதை வேடிக்கை பார்த்த மாநிலத்துக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல் வண்டியில் இல்லை, சம்பளத்தில் இருக்கிறது. டீசலுக்குக் காசு கொடுப்பவர் உரிமையாளர், ஆக்சிலரேட்டரில் கால் வைப்பவர் டிரைவர். மைலேஜ் இறங்கினால் முதலில் எழுவது டீசல் திருட்டுச் சந்தேகம். அதில் உறவுதான் கெடுகிறது. லோடும் வழியும் குறித்த நோட்டு இருந்தால் சந்தேகத்துக்கு இடமிருக்காது. ஒரே வழியில் ஒரே லோடுக்கு மிச்சமாகும் டீசலில் ஒரு பங்கைப் படியோடு சேர்த்துக் கொடுத்தால், சிக்னலைத் தூரத்திலேயே பார்க்கும் பழக்கம் தானாக வரும். உரிமையாளர்களே, இந்த மாதம் நோட்டைத் தொடங்குங்கள், சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், காற்றைச் சரிசெய்யுங்கள். புகையோ இழுவைக் குறைவோ இருந்தாலும், இத்தனைக்கும் பிறகு எண் ஏறாவிட்டாலும் பம்பு கடைக்குப் போங்கள். போகும்போது அந்த நோட்டையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.