பாரிஸின் அடியில் ஒரு பழங்கடல்
சிப்பி உயிர்ச்சுவடுகளைச் சேகரித்தலும் பேணலும்

பாரிஸ் நகரின் பழைய கட்டடங்களைத் தாங்கி நிற்கும் வெளிர்மஞ்சள் நிறக் கல்லை நாம் நாள்தோறும் கடந்து செல்கின்றோம். அலுவலக வாயிலில் வரிசையில் நிற்கும்போதோ, எவருக்காகவேனும் தெருவோரத்தில் காத்திருக்கும்போதோ அக்கல்லைச் சற்று அருகே சென்று நோக்கினால், ஊரி போன்று திருகிய வடிவங்களும் மட்டியின் வரிகளும் அதிற் பதிந்திருப்பதை ஆங்காங்கே காணலாம். அவை சிற்பியின் கைவேலை அல்ல. ஏறத்தாழ நாலரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்நிலப்பரப்பை மூடியிருந்த ஆழங்குறைந்த, வெதுவெதுப்பான கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகளும் அவற்றின் அச்சுக்களுமே அவை.

நோத்ர்-டாம் பேராலயமும் லூவர் அரண்மனையும் பெரும்பாலும் இக்கல்லாலேயே எழுப்பப்பட்டன. இதனை வெட்டியெடுத்த நிலக்கீழ்ச் சுரங்கங்களின் ஒரு பகுதியே பிற்காலத்தில் மனித எலும்புகளை அடுக்கிவைக்கும் இடமாயிற்று. புவிச்சரிதவியலாளர் அக்கடலின் காலத்தை 'லுதேசியன்' என அழைப்பர். பாரிஸின் உரோமர் காலப் பெயராகிய லுதேசியாவைக் கொண்டு 1883ஆம் ஆண்டில் லப்பரோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இட்ட பெயர் இது. அக்காலப் பாறை உலகின் எப்பாகத்திற் கிடைத்தாலும் அதற்குப் பாரிஸின் பெயரே வழங்குகின்றது.

கல்லாக இறுகிய இடங்களில் ஓடுகளைப் பிரித்தெடுப்பது கடினம். ஆனால் இவ்லின் மாவட்டத்தின் கிறின்யோன் போன்ற சில இடங்களில் அக்கடலின் மணல் இறுகாமலே நின்றுவிட்டது. அங்கே நூற்றுக்கணக்கான இனங்களைச் சேர்ந்த சிப்பிகள், நேற்றுக் கரையொதுங்கியவை போன்று முழுமையாகக் கிடைத்தன. 1802ஆம் ஆண்டு தொடக்கம் லமார்க் என்னும் பேராசிரியர் பாரிஸ் சூழலின் சிப்பி உயிர்ச்சுவடுகளை ஒவ்வொன்றாக விவரித்து எழுதலானார். உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்று டார்வினுக்கு அரை நூற்றாண்டு முந்தியே கூறியவர் அவர்தாம். முதுமையிற் கண்பார்வையை இழந்து வறுமையில் வாடி 1829இல் அவர் மறைந்தார். அவருக்கு இன்று ஒரு கல்லறை கூட இல்லை. எனினும் அவர் பெயரிட்ட சிப்பிகளின் சீட்டுகளில் இனப்பெயரை அடுத்து 'லமார்க்' என்றே இன்றும் எழுதுகின்றனர்.

அவர் 1804இல் விவரித்த இராட்சத ஊரி ஒன்று அரை மீற்றருக்கும் மேல் நீளமாக வளர்ந்தது. அதன் குடும்பத்தில் இன்று உயிருடன் எஞ்சியிருப்பது ஒரேயோர் இனம். அதுவும் அவுஸ்திரேலியாவின் தென்மேற்குக் கரையில் மாத்திரமே வாழ்கின்றது. ஷம்பாஞ் மதுவுக்குப் பேர்போன எப்பர்னே நகருக்கு அண்மையிலுள்ள ஃப்ளூரி-லா-ரிவியேர் கிராமத்தில், திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் தம் நிலத்தின் அடியிற் குடைந்து இவ்வூரிகளை மணலிற் கிடந்தவாறே பார்வைக்கு வைத்துள்ளார். பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஏற்ற இடம்.

இனி, நாமே சேகரிப்பதைப் பற்றிப் பார்ப்போம். பிரான்சில் நிலத்தினுள் உள்ளது பொதுவாக நிலத்தின் உரிமையாளருக்கே உரியது. அவரது அனுமதியின்றித் தோண்டக்கூடாது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் கீழே கிடப்பதைப் பொறுக்குவதும் குற்றமாகலாம். புகலிட விண்ணப்பம் விசாரணையில் இருக்கும் ஒருவர், வேலி தாண்டிச் சென்று மண்வெட்டியுடன் பொலிசாருக்கு விளக்கம் கூறும் நிலைக்கு ஆளாக வேண்டியதில்லை. பல ஊர்களில் உயிர்ச்சுவடு ஆர்வலர்களின் சங்கங்கள் உள்ளன. அவை அனுமதி பெற்றே உறுப்பினர்களை அழைத்துச் செல்கின்றன. மொழி சரிவரத் தெரியாவிடினும் சிப்பியைக் காட்டினால் உரையாடல் தானாகவே தொடங்கிவிடும்.

களத்தில் ஒவ்வொரு சிப்பியாக இழுத்தெடுப்பது தவறு. நாலரைக் கோடி ஆண்டு மண்ணில் இருந்த ஓடு, வெண்கட்டி போன்று உதிரும் தன்மையுடையது. எனவே மணலை ஒரு பையில் அள்ளி வீட்டுக்குக் கொணர்வதே நன்று. பெரிய ஊரி கிடைத்தால், சுற்றியுள்ள மணலை மெல்ல விலக்கி, ஈரக் காகிதத்தாற் போர்த்து, மேலே சாந்து தோய்த்த துணியைச் சுற்றவேண்டும். முறிந்த காலுக்கு வைத்தியசாலையிற் கட்டும் மாக்கட்டு போன்றதே இது. சாந்து இறுகிய பின்னரே அடிப்புறத்தை அறுத்து எடுக்கலாம்.

வீட்டில், மணலை நன்றாகக் காயவிட்டுப் பின்னர் தண்ணீரில் ஊறவிட்டால் அது தானே குலைந்துவிடும். அதனை வெவ்வேறு அளவுக் கண்களையுடைய அரிதட்டுக்களில் நீர் ஊற்றி அரிக்கவேண்டும். சமையலறைத் தொட்டியில் இதனைச் செய்வோர் மணல் குழாயை அடைத்துவிடும் என்பதை மறவாதிருக்கவேண்டும். ஒரு வாளி வைத்துக்கொள்வது குடும்ப அமைதிக்கும் நல்லது. நிழலில் உலர்ந்த பின், ஈரமாக்கிய மெல்லிய தூரிகை நுனியால் சிறு சிப்பிகளைப் பொறுக்கலாம். ஒரு பிடி மணலில் ஒரு மாரிகால மாலைப்பொழுது கழிந்துவிடும்.

அழுக்கு நீங்கும் என எண்ணி வினாகிரியை ஊற்றுவோர் உளர். ஓடு சுண்ணாம்புப் பொருள். வினாகிரியின் அமிலம் அழுக்கோடு ஓட்டையும் கரைத்துவிடும். தண்ணீரும் மென்மையான பற்றூரிகையும் கூர்மழுங்கிய மரக்குச்சியுமே போதும். உதிரும் ஓட்டுக்கு, அசெற்றோனில் நீர்த்தாகக் கரைத்த பரலொயிட் என்னும் பிசினை ஊட்டுவர். சன்னலைத் திறந்துவைத்து, நெருப்புக்கு அப்பாலிருந்து செய்யவேண்டிய வேலை இது. ஓக் மரப் பெட்டியிலே சிப்பிகளை அடைத்துவைத்தல் ஆகாது. அம்மரத்திலிருந்து வெளிப்படும் அமில ஆவி நாளடைவில் ஓட்டை அரித்துவிடும். பிளாஸ்ரிக் பெட்டி அழகற்றது, ஆனால் பாதுகாப்பானது.

துப்புரவாக்கிய ஓட்டை உற்றுநோக்குக. சிலவற்றில் ஊசியால் துளைத்தாற் போன்ற வட்டத் துளை இருக்கும். அது அக்கடலில் வாழ்ந்த வேட்டைச் சங்கொன்று இரையைத் துளைத்துத் தின்ற தடயம். வெண்ணிறமாகத் தோன்றும் சில ஓடுகளை வெளிற்றும் நீரில் ஊறவைத்துக் கழுவி உலர்த்தி, இருட்டறையில் புறஊதா விளக்கின் கீழ் வைத்தால், பகலொளியில் மறைந்திருந்த கோடுகளும் புள்ளிகளும் ஒளிர்ந்து வெளிப்படும். உயிருடன் இருந்தபோது அது தாங்கியிருந்த கோலம் அது. நிறம் மீளாது, கோலம் மீளும். இக்காட்சியைக் கண்ட சிறுவர் எவரும் அதன்பின் தொலைக்காட்சியை உடனே நாடமாட்டார் என நாம் நம்புகின்றோம்.

இவை யாவற்றிலும் முக்கியமானது ஒரு துண்டுக் காகிதம். எந்த ஊர், எந்தப் படை, எத்தனை மீற்றர் ஆழம், எந்த நாள், எடுத்தவர் யார் என்பவற்றை எடுத்த இடத்திலேயே பென்சிலால் எழுதிச் சிப்பியோடு வைக்கவேண்டும். சிப்பியின் மறைவான ஓரத்தில் ஓர் இலக்கமும், பதிவேட்டில் அதே இலக்கமும் இருத்தல் வேண்டும். சீட்டுத் தொலைந்த சிப்பி எவ்வளவு அழகியதாயினும் ஆய்வாளருக்குப் பெரிதும் பயன்படாது. அது எங்கிருந்து வந்தது என்று அதனாற் கூற இயலாது, நாம் கூறினாலும் எவரும் ஏற்கார். பிறப்புச் சான்றிதழ் இன்றி அலுவலகங்களின் முன் நின்ற எம்மவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

களம் அழிந்துபோகுமாயின் சீட்டு மேலும் பெறுமதியுடையதாகின்றது. கிறின்யோன் நிலத்தை விற்பதற்கு அரசு எடுத்த முயற்சி, ஊரவரதும் அறிவியலாளரதும் எதிர்ப்பின் பின் 2021இல் இடைநிறுத்தப்பட்டது. அங்கு நெடுங்காலம் இயங்கிய வேளாண் உயர்கல்லூரி 2022இல் சக்லே பகுதிக்கு இடம்பெயர்ந்தது. இனிப் புதிதாகத் தோண்ட முடியாதுபோனாலும், முந்தியோர் எழுதிவைத்த சீட்டுகள் அருங்காட்சியக இழுப்பறைகளில் அவ்விடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்லும் கடலடியிற் படிந்ததுதான். அது மயோசீன் காலத்தது. ஆகையால் பாரிஸின் கல்லிலும் இளையது. ஊரில் கிணறு வெட்டும்போது அக்கல்லை உடைத்தே நீரைக் கண்டோம், மதிலுக்கும் அதனையே அடுக்கினோம். இப்போது ஊருக்குச் சென்றுவரும் குடும்பங்கள் அத்தகைய கல்லில் சிப்பியின் அச்சு எதனையேனும் கண்டால், பெயர்த்தெடுக்காமல் அருகே ஓர் அளவுகோலை வைத்துப் படம் பிடித்து, ஊரின் பெயர், காணியின் பெயர், கிணற்றின் ஆழம், நாள் ஆகியவற்றைப் படத்தோடு குறித்துவைப்பார்களாக.