அந்த ஒரு போத்தல்

சொகுசுக் கப்பலுக்கு முன்பதிவு செய்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. சைவச் சாப்பாடு கிடைக்குமா? பாட்டிக்குச் சக்கர நாற்காலி தருவார்களா? நடுக்கடலில் வைஃபை எடுக்குமா? இவை எல்லாரும் பார்க்கும்படி கேட்கப்படும். இன்னொரு கேள்வி மட்டும் குழுவுக்கு வராது. மச்சானுக்கோ சித்தப்பாவுக்கோ தனியாகத்தான் போகும்: “நம்ம வைன் போத்தல் ஒண்ணு எடுத்துட்டுப் போகலாமா?”

தயங்கிக் கேட்க வேண்டிய கேள்வி இல்லை இது. பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் இதற்கென்றே விதி எழுதி வைத்திருக்கின்றன. அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணம், தங்கையின் பட்டமளிப்பு, பத்தாவது திருமண நாள் என்று ஏதாவது ஒன்றைக் கொண்டாடத்தான் நம்மில் பலர் மரினா பேயிலிருந்து கப்பலேறுகிறோம். பயணக் கட்டணத்தைக் கட்டியதும் செலவு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். கடைசி நாள் காலையில் அறைக் கணக்கைப் பார்க்கும்போதுதான், மூன்று நான்கு இரவுகளில் பானங்களுக்கு எவ்வளவு போயிருக்கிறது என்பது தெரியவருகிறது. ஆகவே, போத்தலைப் பற்றிய கேள்வியைக் கப்பலேறும் நாள்வரை தள்ளிப்போடாமல், எந்தக் கப்பல் என்று முடிவெடுக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

கப்பலுக்குக் கப்பல் வேறு

சிங்கப்பூரர்களுக்கு நன்கு பழக்கமான ராயல் கரீபியன் நிறுவனம், மது அருந்தும் வயதை எட்டிய பயணி ஒவ்வொருவரும் 750 மில்லிலிட்டர் அளவுள்ள, முத்திரை பிரிக்காத ஒரு வைன் அல்லது ஷாம்பேன் போத்தலைக் கொண்டுவர அனுமதிக்கிறது. அதுவும் கப்பலேறும் நாளில் மட்டும். விஸ்கிக்கும் பியருக்கும் இடமில்லை. பிரின்சஸ் குரூசஸும் ஆளுக்கு ஒரு போத்தல் என்கிறது. அதற்கு மேலும் கொண்டுவரலாம், ஆனால் கூடுதலான ஒவ்வொரு போத்தலுக்கும் கட்டணம் உண்டு.

நார்வீஜியன் நிறுவனத்தின் வழி வேறு. எத்தனை போத்தல் என்று அது கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால், முதல் போத்தலிலிருந்தே கட்டணம் வாங்கிவிடும்: 750 மில்லிலிட்டருக்கு 15 அமெரிக்க டாலர், 1.5 லிட்டருக்கு 30 டாலர். வைக்கிங் நிறுவனமோ, சொந்த வைனைக் கட்டணம் ஏதுமின்றி உணவு மேசைக்கே எடுத்துவரவும் விடுகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்ட் போன்ற உயர்தரக் கப்பல்களில் பயணக் கட்டணத்திலேயே வைன் அடங்கிவிடுகிறது. அங்கே நம் பையில் போத்தல் இருக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. “நாங்கள் கொண்டுவரலாமா?” என்ற கேள்வி அதிகம் எழுவது, நடுத்தரக் குடும்பங்கள் போகும் பெரிய கப்பல்களில்தான்.

விதிகளும் கட்டணங்களும் அவ்வப்போது மாறும். ஒரே நிறுவனத்தின் கப்பலாக இருந்தாலும் வட்டாரத்திற்கு ஏற்ப வயது வரம்பு வேறுபடலாம். உங்கள் பயணத்திற்கு உரிய விதியை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் படித்துவிட்டுப் பை கட்டுங்கள். போன ஆண்டு போய்வந்த நண்பர் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம்.

எவ்வளவு மிச்சம்?

கொண்டுபோகும் போத்தலை அறையிலேயே திறந்தால் பல கப்பல்களில் செலவு ஒன்றும் இல்லை. அதையே உணவகத்திற்கு எடுத்துச் சென்றால், பணியாளர் திறந்து ஊற்றுவதற்கும் கிண்ணத்திற்குமாகச் சேர்த்து ஒரு தொகை கேட்பார்கள். இதற்குக் கார்க்கேஜ் என்று பெயர். திறப்புக் கட்டணம் என்று நாம் சொல்லலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடையில் 25 அமெரிக்க டாலருக்கு ஒரு வைன் வாங்குகிறீர்கள். திறப்புக் கட்டணம் 15 என்றால் மொத்தம் 40 டாலர். அதே தரத்தில் கப்பலில் ஒரு போத்தல் 45 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பல கப்பல்களில் பானங்களின் விலையோடு 18 விழுக்காடு சேவைக் கட்டணம் தானாகச் சேரும். அப்படியானால் 53 டாலர் 10 காசு. வித்தியாசம் ஏறத்தாழ 13 டாலர்தான். கடையில் 35 டாலருக்கு வாங்கிய வைன் என்றால் அதுவும் 3 டாலராகச் சுருங்கிவிடும்.

இந்த 13 டாலருக்காக ஒரு கண்ணாடிப் போத்தலைத் துணியில் சுற்றி, எம்ஆர்டியில் சுமந்து, வரிசையில் காத்து நிற்க வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பணம் மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் இந்த ஒரு போத்தலால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. அந்தப் போத்தலுக்கென்று ஒரு காரணம் இருந்தால் கதை வேறு. திருமணமான ஆண்டில் வாங்கி வைத்தது, ஆஸ்திரேலியாவில் படித்த மகள் கொண்டுவந்து கொடுத்தது, அந்தக் கப்பலின் பட்டியலில் கிடைக்கவே கிடைக்காதது போன்றவற்றைத்தான் சுமந்துகொண்டு போகலாம்.

யாருடைய பையில்?

நம் குடும்பங்களில் பெரும்பாலும் நான்கு பேரில் ஒருவரோ இருவரோதான் குடிப்பார்கள். ஆனால் விதி, வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு போத்தல் என்கிறது. உடனே ஒருவருக்கு யோசனை பிறக்கும்: அம்மாவின் பையில் ஒன்று, அத்தையின் பையில் ஒன்று.

பாதுகாப்புச் சோதனையில் பை ஊடுகதிர்க் கருவிக்குள் போகும். போத்தல் திரையில் தெரிந்ததும் அதிகாரி, “இது யாருடைய பை?” என்று கேட்பார். வாழ்நாளில் மதுவைத் தொட்டிராத ஒரு தாய், பின்னால் நிற்கும் தெரிந்தவர்கள் முன்னிலையில், “என்னுடையது” என்று கையைத் தூக்க வேண்டும். விதிப்படி அதில் குற்றம் இருக்காது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தின் சங்கடத்துக்கு 13 டாலர் ஈடாகாது. வேண்டுமென்றால் முன்கூட்டியே வெளிப்படையாகக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

வரம்பில்லாத பானத் திட்டத்தை வாங்க நினைப்பவர்களும் இங்கே கவனிக்க வேண்டும். ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்களில், ஓர் அறையில் ஒருவர் மதுபானத் திட்டம் வாங்கினால் அதே அறையிலுள்ள வயது வந்த மற்றவர்களும் வாங்க வேண்டும் என்பது பொதுவான விதி. கணவர் மட்டும் குடிப்பார், மனைவி ஆரஞ்சுச் சாறோடு நிறுத்திக்கொள்வார் என்றால் இந்தத் திட்டம் அந்தக் குடும்பத்திற்குக் கட்டுப்படியாகாது. அவர்களுக்கு, கொண்டுபோகும் ஒரு போத்தலும் தேவைப்பட்டால் கப்பலில் வாங்கும் ஓரிரு கிண்ணமும் போதும்.

வாய்க்கொப்பளிப்புப் போத்தலில் வோட்கா, ஷாம்பூ புட்டியில் ரம் என்று ஒளித்து எடுத்துப்போகும் ‘தந்திரங்கள்’ சமூக ஊடகத்தில் நிறைய உலவுகின்றன. பிடிபட்டால் மது பறிபோகும். கப்பலேறவே விடாமல் திருப்பி அனுப்பும் உரிமையும் நிறுவனத்துக்கு உண்டு. கப்பலின் மதுக்கூடம் லாபத்துக்காக நடப்பதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால், அளவு மீறியவருக்கு இனி ஊற்ற மாட்டேன் என்று சொல்ல அங்கே ஒரு பணியாளர் இருக்கிறார். பூட்டிய அறையில், கடலைப் பார்த்த மாடத்தில், அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

பையில் வைக்கும்போது

போத்தலைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்துசேரச் சில மணி நேரமாகலாம். இடையில் போத்தல் உடைந்தால் வேட்டி சட்டை எல்லாம் வைன் நிறம். சோதனைக்காகப் பெட்டியைத் தனியே நிறுத்தி வைக்கவும் கூடும். நம் ஊர் வெயிலும் வைனுக்கு ஆகாது. கைப்பையில் வைத்து, கேட்டவுடன் எடுத்துக் காட்டுங்கள். அட்டைப்பெட்டி வைனைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. திருகு மூடி போட்ட போத்தல் என்றால் திறப்பானைத் தேடி அலைய வேண்டாம்.

இரவு உணவில் மசாலா அதிகம் என்றால், துவர்ப்பு மிகுந்த சிவப்பு வைன் மிளகாய்க் காரத்தை இன்னும் தூக்கிக் காட்டும். லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் போன்ற வெள்ளை வைன் மீன் குழம்போடும் ஒத்துப்போகும்.

திரும்பி வரும்போது

பலர் மறந்துபோவது இதைத்தான். வழியிலுள்ள துறைமுகத்தில் வைன் வாங்கினால் பல கப்பல்களில் ஏறும்போதே வாங்கி, பெயர் ஒட்டி, பத்திரப்படுத்தி, பயணத்தின் கடைசியில்தான் திருப்பித் தருவார்கள். அதன் பிறகு சிங்கப்பூர்ச் சுங்கத்துறையின் விதி இருக்கிறது.

மதுவுக்குத் தீர்வை விலக்கு பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும், 48 மணி நேரமாவது வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வந்திருக்கக் கூடாது. பினாங்குக்கோ கிள்ளான் துறைமுகத்துக்கோ மட்டும் போய்த் திரும்பும் பயணத்தில் இந்த விலக்கு கிடையாது. புக்கெட்டுக்கு மட்டும் போய், 48 மணி நேரத்துக்குப் பின் திரும்பினால் 2 லிட்டர் வைன் வரை கொண்டுவரலாம். அதாவது, 750 மில்லிலிட்டர் போத்தல் இரண்டு.

விலக்கு இல்லாத போத்தலுக்குத் தீர்வை, அதிலுள்ள மதுச்சாரத்தின் லிட்டருக்கு 88 வெள்ளி. 13 விழுக்காடு மதுச்சாரமுள்ள ஒரு போத்தலுக்கு இது 8 வெள்ளி 58 காசாகும். அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி. சிவப்புத் தடத்தில் போய்ச் சொல்லிக் கட்டிவிட்டால் சின்னத் தொகைதான். சொல்லாமல் பச்சைத் தடத்தில் நடந்து மாட்டிக்கொண்டால் அபராதம் அதைவிடப் பல மடங்காகும்.

ஆகவே, ஆளுக்கு ஒரு போத்தல் என்ற விதியைச் சலுகையாகப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். எந்த இரவுக்கு, யாருக்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள். பதில் உடனே வந்தால் கைப்பையில் இடம் ஒதுக்குங்கள். வராவிட்டால் அந்த இடத்தில் பாட்டியின் மருந்துகளை வையுங்கள். கப்பலில் விலை கொடுத்தும் எளிதில் கிடைக்காதது அதுதான்.