முந்தித் திரும்பும் வண்டிகளும் சைக்கிள் ஓட்டிகளும்

அந்தமான் தீவுகளின் தலைநகரம் குன்றுகளின்மீது அமைந்தது. 1858ஆம் ஆண்டில் கைதிகளின் குடியேற்றம் நிறுவப்பட்ட பின்னர் வளர்ந்து, போர்ட் பிளேயர் என வழங்கிவந்த இந்நகருக்கு 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயர் சூட்டப்பட்டது. ஷாதிபூர், ஹாடோ, ஜங்லிகாட், டெலானிப்பூர் முதலிய பகுதிகளைக் கொண்ட இந்நகரின் சாலைகள் பல ஏறியும் இறங்கியும் வளைந்தும் செல்பவை. பஸ், லாரி, ஆட்டோ ரிக்ஷா, ஸ்கூட்டர் ஆகியவற்றோடு சைக்கிளும் இச்சாலைகளில் தனக்குரிய இடத்தைப் பெறவேண்டியிருக்கிறது.

ஷாதிபூரில் சாலையின் இடது ஓரமாகச் செல்லும் சைக்கிள் ஓட்டி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். சிறிது தொலைவில் இடப்புறமாக ஒரு கிளைத்தெரு பிரிகிறது. அவரோ நேரே செல்ல விரும்புகிறார். பின்னால் வரும் பஸ் ஒன்று அவரை நெருக்கமாக முந்துகிறது. முந்திய வேகத்திலேயே இடப்புறம் திரும்பிக் கிளைத்தெருவினுள் நுழைய முற்படுகிறது. சைக்கிளின் முன்னே திறந்திருந்த சாலை ஓரிரு வினாடிகளில் பஸ்ஸின் பக்கச் சுவரால் அடைபட்டுவிடுகிறது. வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்லும் நாடுகள் அனைத்திலும் சைக்கிள் ஓட்டிகளை அச்சுறுத்தும் விபத்து வகைகளுள் இஃது ஒன்று. வலப்புறமாகச் செல்லும் நாடுகளில் இதே விபத்து வலப்பக்கத் திருப்பத்தில் நிகழ்கிறது.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என மத்திய அரசாங்கத்தின் அறிக்கை தெரிவிக்கிறது. அவர்களுள் சைக்கிளில் சென்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேர். மேலே விவரித்த வகை விபத்து பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் நேர்வதன்று. கணக்குத் தவறுவதால் நேர்வது. அக்கணக்கை அறிந்துகொள்வது சைக்கிள் ஓட்டிக்கும் மோட்டார் வண்டி செலுத்துவோருக்கும் பயன் தரும்.

முந்துவதற்கு வேண்டிய தூரம்

சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்திலும், பஸ் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திலும் செல்வதாகக் கொள்வோர், பஸ் சைக்கிளைவிட இருமடங்கு வேகமுடையது; ஆதலால் நொடிப்பொழுதில் முந்திவிடும் என எண்ணக்கூடும். உண்மை அவ்வாறன்று. முந்துதலைத் தீர்மானிப்பது பஸ்ஸின் வேகமன்று. இரு வேகங்களுக்கும் இடையேயுள்ள வித்தியாசமே ஆகும். இங்கு அவ்வித்தியாசம் மணிக்கு 15 கிலோமீட்டர், அதாவது வினாடிக்குச் சுமார் 4.2 மீட்டர்.

பஸ்ஸின் நீளம் 10 மீட்டர் என்றும், சைக்கிளின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், பஸ்ஸின் முன்முனை சைக்கிளின் பின்சக்கரத்தை எட்டிய நேரம் முதல் பஸ்ஸின் பின்முனை சைக்கிளின் முன்சக்கரத்தைக் கடக்கும் நேரம் வரை ஏறக்குறைய 3 வினாடி ஆகும். இதற்குள் பஸ் 24 மீட்டர் ஓடிவிடும். சைக்கிளுக்கு முன்பாக 8 மீட்டராவது இடைவெளி விட்டு அதன் பின்னரே இடப்புறம் ஒதுங்குவது என்றால், 5 வினாடிக்குச் சற்றுக் குறைவான நேரமும் 40 மீட்டர் சாலையும் தேவைப்படும்.

கிளைத்தெரு 40 மீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்குமாயின், முந்துதல் முடிவதற்கு முன்பே திருப்பம் வந்துவிடும். இதனினும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. கூரிய திருப்பத்தில் எந்த பஸ்ஸும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப இயலாது. வேகத்தைப் பாதியாகவேனும் குறைத்தாக வேண்டும். பஸ்ஸின் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டராகக் குறைந்த கணமே இரண்டின் வேகமும் ஒன்றாகிவிடுகிறது. வித்தியாசம் இல்லாதபோது முந்துதலும் இல்லை. பஸ்ஸின் நடுப்பகுதியோ பின்பகுதியோ சைக்கிளின் பக்கத்திலேயே நின்றுவிட்டதுபோல் உடன் வருகிறது. அந்நிலையில் பஸ் திரும்பத் தொடங்குகிறது. ஒரு வேகத்தில் தொடங்கிய கணக்கை வேறொரு வேகத்தில் முடிக்க நேர்வதே இவ்விபத்தின் அடிப்படைக் காரணமாகும்.

பின்சக்கரம் செல்லும் வழி

திரும்பும் வண்டியின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற தடத்திலேயே செல்வதில்லை. அவை திருப்பத்தின் உட்புறமாக ஒதுங்கிச் செல்கின்றன. முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடையேயுள்ள தூரம் மிகுந்தால் இந்த ஒதுக்கமும் மிகும்.

முன், பின் அச்சுகளின் இடைத்தூரம் 5.5 மீட்டர் உள்ள பஸ் ஒன்று, அதன் முன் அச்சின் நடுப்புள்ளி 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்லுமாறு தொடர்ந்து திரும்புவதாகக் கொள்ளலாம். செங்கோண முக்கோணத்தின் விதிப்படி கணக்கிட்டால், பின் அச்சின் நடுப்புள்ளி ஏறத்தாழ 8.35 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்லும். ஆகவே வண்டியின் பின்பகுதி முன்பகுதியைவிட 1.65 மீட்டர் வரை இடப்புறமாக ஒதுங்கும். அச்சுகளின் இடைத்தூரம் 2.5 மீட்டர் உள்ள கார், 6 மீட்டர் ஆரத்தில் இவ்வாறு திரும்பும்போது ஒதுக்கம் அரை மீட்டருக்குச் சற்று அதிகம்.

பஸ்ஸின் முன்பகுதி தம்மைத் தொடாமல் சென்றுவிட்டது என்று ஆறுதல் கொள்ளும் சைக்கிள் ஓட்டி, பின்சக்கரத்தின் வழியில் நிற்கக்கூடும் என்பது இதனால் விளங்கும். 1 மீட்டர் இடைவெளி நேர்ச்சாலையில் ஓரளவு போதியதாகத் தோன்றலாம். திருப்பத்தில் அவ்விடைவெளி முழுவதையும் பின்சக்கரம் விழுங்கிவிடும்.

ஒருவரையொருவர் காணாமை

இந்திய வண்டிகளில் செலுத்துவோர் வலப்பக்கத்தில் அமர்கிறார். வண்டியின் இடப்பக்கமே அவருக்கு மிகத் தொலைவானது. உயரமான லாரியின் இடது கதவுக்கு அருகே செல்லும் சைக்கிள் ஓட்டி சன்னலின் விளிம்புக்குக் கீழே மறைந்துவிடுவார். இடப்பக்கக் கண்ணாடியும் அவ்விடம் முழுவதையும் காட்டுவதில்லை.

சைக்கிள் ஓட்டியின் நிலையும் அதுபோன்றதே. திரும்பப்போவதைத் தெரிவிக்கும் மினுக்கு விளக்குகள் வண்டியின் முன்புறத்திலும் பின்புறத்திலும் உள்ளன. வண்டியின் நடுப்பகுதிக்கு நேராகச் செல்பவருக்கு முன்விளக்கு தெரியாது. பின்விளக்கோ அவருக்குப் பின்னால் இருக்கிறது. பக்கவாட்டில் தனி விளக்கு இல்லாத வண்டியாயின், எவருக்காக அந்த அறிவிப்புச் செய்யப்படுகிறதோ அவருக்கே அது தெரியாமற் போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024ஆம் ஆண்டு ஜூலை முதல், புதிய பஸ்களிலும் லாரிகளிலும் பக்கவாட்டில் வரும் சைக்கிளை உணர்ந்து செலுத்துவோருக்கு எச்சரிக்கை தரும் கருவி இருக்கவேண்டும் என விதிக்கப்பட்டிருப்பதற்கு இக்குறையே காரணம்.

தீவின் தனி நிலைமைகள்

சமவெளி நகரங்களில் இல்லாத மூன்று சங்கடங்கள் இங்கு உண்டு. முதலாவது, சாலையின் சரிவு. ஏற்றத்தில் சைக்கிளின் வேகம் நடப்பவரின் வேகத்தை ஒட்டிக் குறைந்துவிடும். வேகம் குறையவே சக்கரம் இருபுறமும் அசையும். ஆதலால் ஏறும் சைக்கிளுக்கு அதிக அகலம் வேண்டும். இறக்கத்திலோ மிதிக்காமலே மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் கிட்டலாம். சைக்கிள் மெதுவாகவே செல்லும் என்று பழகிய செலுத்துவோர் இவ்வேகத்தைக் குறைத்து மதிப்பிட்டு, முந்த முடியாத இடத்தில் முந்த முற்படுகின்றனர்.

வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்த பின்னர் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். சமதரையில் உலர்ந்த சாலையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிள், ஓட்டி ஆபத்தை உணர்ந்து செயற்பட ஆகும் 1 வினாடியையும் சேர்த்து, ஏறக்குறைய 7 மீட்டரில் நின்றுவிடும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அதே சைக்கிள் நிற்பதற்கு ஏறக்குறைய 20 மீட்டர் வேண்டும். இறக்கத்தில் அது மேலும் நீளும்.

இரண்டாவது, மழை. இங்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. எஃகு விளிம்புச் சக்கரமுள்ள சைக்கிளில், விளிம்பு நனைந்துவிட்டால் பிரேக் கட்டையின் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

மூன்றாவது, முன்னதாகவே கவியும் இருள். இந்திய நேரம் 82½ பாகை கிழக்கு நெடுங்கோட்டைக் கொண்டு கணிக்கப்படுகிறது. இந்நகரமோ ஏறத்தாழ 92¾ பாகையில் உள்ளது. பாகைக்கு 4 நிமிடமாக இந்த வேறுபாடு 41 நிமிடம் ஆகிறது. எனவே நவம்பர் மாத இறுதியில் சென்னையில் மாலை 5.40 மணியளவில் மறையும் கதிரவன், இங்கு 5 மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறான். கடிகாரம் மாலையென்று காட்டும்போது சாலையில் இரவு தொடங்கிவிடுகிறது. மாலை வேளையில் வெளியே செல்லும் சைக்கிளுக்குப் பின்புறச் சிவப்பு விளக்கும் முன்விளக்கும் அணிகலன்களல்ல, அவசியத் தேவைகள்.

சைக்கிள் ஓட்டி செய்யத்தக்கவை

சாலையின் விளிம்பை ஒட்டியே செல்வது பாதுகாப்பானது எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு செல்பவரை, அதே தடத்தில் அவரை உரசியவாறு முந்தலாம் என்ற எண்ணம் பின்வருவோருக்குத் தோன்றும். ஒதுங்குவதற்கு இடப்புறத்தில் இடமும் இராது. விளிம்பிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் உள்ளே நேர்கோட்டில் செல்வது நலம். கிளைத்தெருவை நெருங்கும்போது, 30 அல்லது 40 மீட்டருக்கு முன்னரே வலத்தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கவேண்டும். பின்னால் வண்டி அணுக்கமாக இல்லையெனில், சிறிது வலப்புறமாக நகர்ந்து தடத்தின் நடுப்பகுதியை அடையலாம். திரும்பிப் பார்க்கும் முகம், தாம் இன்னும் நேரே செல்லப்போவதைப் பின்வருபவருக்கு உணர்த்தும். வண்டி ஏற்கெனவே நெருங்கிவிட்டிருந்தால் நகரலாகாது. வேகத்தைக் குறைத்து அதனை முன்னே போகவிடுவதே அறிவுடைமை.

வண்டியொன்று பக்கத்தில் வந்தபின் மூன்று அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும். எஞ்சினின் ஒலி தணிதல் ஒன்று. வண்டியின் முன்சக்கரம் இடப்புறம் சாய்தல் மற்றொன்று. வண்டிக்கும் சைக்கிளுக்கும் இடையே உள்ள இடைவெளி குறைதல் இன்னொன்று. இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே இரு பிரேக்குகளையும் பிடித்து வண்டியின் பின்னே தங்கிவிட வேண்டும். நிற்பதற்கு இடமில்லையெனில், வண்டியோடு சேர்ந்து தாமும் இடப்புறம் திரும்பிக் கிளைத்தெருவினுள் செல்வதே தப்பும் வழி. இத்திடீர்த் திருப்பத்தைச் சாலையில் முதன்முறையாகச் செய்ய முயலாமல், திறந்த மைதானத்தில் பழகிக்கொள்ளுதல் வேண்டும்.

சந்திப்பில் நின்றிருக்கும் பஸ் அல்லது லாரியின் இடப்புறச் சந்தில் நுழைந்து முன்னேறுதல் அறவே கூடாது. வண்டியின் பக்கக் கண்ணாடியில் செலுத்துவோரின் முகம் தெரியாவிடில், அவருக்கும் சைக்கிள் தெரியவில்லை என்பதே பொருள். ஆட்டோ ரிக்ஷா முந்தியதும், ஓரத்தில் கைகாட்டும் பயணிக்காக அது திடீரென ஒதுங்கக்கூடும் என்பதையும் எதிர்பார்த்தல் நன்று.

அந்தமான் நிக்கோபார் தீவுகள் சைக்கிள் பந்தயத்தில் நாட்டுக்குப் பெருமை தேடித் தந்தவை. கார் நிக்கோபாரில் பிறந்த டெபோரா ஹெரோல்டு சர்வதேசப் போட்டிகளில் பதக்கம் வென்றார். ஈசோ ஆல்பன் 2018ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஆனால் பந்தயத் தடத்தில் யாவரும் ஒரே திசையில் செல்கின்றனர். குறுக்கே திரும்புவோர் எவருமிலர். அங்குப் பெற்ற வேகமும் உறுதியும் சாலையில் மட்டும் போதா. தீவில் சைக்கிள் பயிலும் சிறுவர் சிறுமியருக்கு மிதிக்கக் கற்பிப்பதோடு, திரும்பிப் பார்க்கவும் கற்பிக்க வேண்டும்.

செலுத்துவோர் கடமை

சைக்கிள் ஓட்டி எவ்வளவு விழிப்பாக இருப்பினும், இவ்விபத்தைத் தடுக்கும் ஆற்றலின் பெரும்பகுதி ஸ்டியரிங் பிடித்தவரிடமே உள்ளது. இடப்புறம் திரும்பும் வண்டி சாலையின் இடது ஓரத்தை இயன்றவரை ஒட்டிச் சென்று திரும்பவேண்டும் என 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள் கூறின. 2017ஆம் ஆண்டில் அவற்றுக்குப் பதிலாகப் புதிய ஒழுங்குமுறைகள் வந்த பின்னரும் அந்நெறி மாறவில்லை. இடது ஓரத்தில் முன்னமே ஒரு சைக்கிள் சென்றுகொண்டிருந்தால், அவ்வோரத்தை அடைய விரும்பும் வண்டி அதன் பின்னே வரிசையில் நிற்கவேண்டும் என்பதே அவ்விதியின் இயல்பான பொருள். சட்டத்துக்கு முரணாக முந்துவதை ஆபத்தான முறையில் வண்டி செலுத்தும் குற்றத்தில் சேர்த்து, மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. முதற்குற்றத்திற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பிற நாடுகள் சில இடைவெளியையே அளவிட்டு விதித்துள்ளன. ஜெர்மனியில் 2020ஆம் ஆண்டு முதல் நகரத்தினுள் 1.5 மீட்டரும் வெளியே 2 மீட்டரும் விட்டே சைக்கிளை முந்தவேண்டும். பிரிட்டனின் சாலை நெறிமுறை, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நேரே செல்லும் சைக்கிளின் குறுக்கே திரும்பலாகாது என்று தெளிவாகக் கூறுகிறது.

சைக்கிளின் பின்னே காத்திருப்பதால் செலுத்துவோர் இழப்பது எவ்வளவு? முன்னர்க் கண்ட 40 மீட்டரை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 4.8 வினாடி ஆகும்; சைக்கிளின் பின்னே 15 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 9.6 வினாடி ஆகும். வித்தியாசம் 5 வினாடிக்கும் குறைவு. திருப்பத்திற்காக எப்படியும் வேகத்தைக் குறைத்தாக வேண்டியிருப்பதால், உண்மையான இழப்பு அதனினும் சிறிது. இச்சிறு காத்திருப்பை மேற்கொண்டால், சைக்கிளில் புறப்பட்ட ஒருவர் ஷாதிபூரில் உள்ள தம் வீட்டுக்கு நலமாகத் திரும்புவார்.