பொருளுக்கு ஒரு கணக்கு

எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரக் கரிசல் காட்டில் விளையும் கம்பும் சோளமும் உளுந்தும் ஒரு காலத்தில் படியிலும் மரக்காலிலும்தான் கைமாறின. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். படியின் கொள்ளளவே ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1956-ல் எடை, அளவைச் சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் முறை படிப்படியாக அமலானபின் கடைகள் கிலோவுக்கு மாறின. அடுப்படி இன்னும் உழக்கையும் டம்ளரையும் விடவில்லை. கிலோவில் வாங்கி டம்ளரில் அளக்கிற நாம், இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கணக்கு இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். அப்படி எதுவும் கிடையாது. ஒவ்வொரு பொருளுக்கும் தனிக்கணக்குதான் உண்டு.

250 மில்லி கப்பில் தண்ணீர் 250 கிராம் நிற்கும். அதே கப்பில் கடலை எண்ணெய் சுமார் 230 கிராம், சர்க்கரை சுமார் 210, மைதா சுமார் 130 கிராம்தான். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. மாவிலோ துகள்களுக்கு நடுவே காற்று நிறைய இடம் பிடிக்கிறது. சலித்த மாவை அமுக்கி அளந்தால் எடை கூடிவிடும். தலைதட்டி அளந்த உழக்கும் கோபுரமாகக் குவித்த உழக்கும் ஒன்றல்ல. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாயையே எடுத்துக்கொள்ளுங்கள்: முழுப் பருப்பும் உடைத்த பருப்பும் ஒரு படிக்குள் ஒரே மாதிரி அடங்காது, வெல்லக் கட்டியைக் கப்பில் போட்டால் பாதி சந்துதான். பருப்புக்கும் பாகுக்கும் உள்ள பொருத்தம் பிசகாமல் இருக்க எடைதான் வழி.

"பாட்டி தராசா வைத்திருந்தார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாலு உழக்கு அரிசிக்கு ஓர் உழக்கு உளுந்து என்பது விகிதம். ஒரே பாத்திரத்தில் அளக்கும்வரை அது தப்பாது. அரிசிக்குத் தண்ணீர் வைப்பதும் அப்படியே. ஆனால் பாட்டியின் கைப்பக்குவம் அந்த உழக்கோடும் அந்த உப்போடும் சேர்ந்தது. அதே குறிப்பு வெளியூரில் இருக்கும் பேத்திக்குப் போகும்போது பாத்திரமும் மாறுகிறது, உப்பும் மாறுகிறது. தூத்துக்குடிக் கல் உப்புக்குச் சொன்ன ஒரு ஸ்பூனை அவள் தூள் உப்பில் போட்டால் குழம்பு கரிக்கும்; தூள் உப்பு நெருங்கி அடைவதால் ஸ்பூனுக்கு எடை அதிகம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவருக்கு இந்த வித்தியாசம் ருசியோடு நிற்பதில்லை.

தானியத்தின் ஈரப்பதம் மாறினால் எடையும் மாறுமே என்பது அடுத்த ஆட்சேபம். மாறும்தான். ஆனால் மாவை அமுக்குவதாலும் குவிப்பதாலும் வரும் வித்தியாசத்துக்கு முன் அது சிறிது. எல்லாவற்றையும் தினமும் நிறுக்க வேண்டும் என்றும் இல்லை. உங்கள் வீட்டு உழக்கைத் தலைதட்டி நிரப்பி அரிசி, உளுந்து, கம்பு மாவு, சர்க்கரை, உப்பு ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை எடை போடுங்கள். தராசு இல்லாவிட்டால் பலசரக்குக் கடையில் போட்டுத் தருவார்கள். அந்த எண்களை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவையுங்கள். சமையல் குறிப்பு எழுதுகிறவர்களும் டம்ளர் கணக்கோடு கிராம் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.