துடிக்கும் தசையும் துவளும் உள்ளமும்

 



சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓரிரவு இஷாத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின், இளைஞர் ஒருவர் பள்ளிவாசலின் தூணருகே தனித்து அமர்ந்திருந்தார். க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்த மாணவர் அவர். வயது பத்தொன்பது. அருகே சென்று ஸலாம் கூறினேன். பதில் சொன்ன அவர் தலையை உயர்த்தாமலேயே ஒரு கேள்வியைக் கேட்டார்: "மௌலவி, வஸிய்யத் எழுதுவது எப்படி?"

பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு மரண சாசனம் எதற்கு? மெல்ல மெல்ல விசாரித்தேன். மூன்று மாதங்களாக அவருடைய கெண்டைக்காலில் தசை துடித்துக் கொண்டிருந்தது. பின்னர் கண்ணிமை துடித்தது, தோள் துடித்தது. ஓரிரவு கைத்தொலைபேசியில் காரணத்தைத் தேடியிருக்கின்றார். மோட்டார் நியூரோன் நோய் என்ற பெயர் அவர் கண்ணில் பட்டது. இயக்க நரம்புகள் ஒவ்வொன்றாய் அழிந்து, கை, கால், நாக்கு, ஈற்றில் மூச்சு என எல்லாம் செயலிழக்கும் கொடிய நோய் அது. அன்றிரவு முதல் அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. சுபஹுக்கு முன் எழுந்து கால்விரல் நுனியில் நின்று தன் பலத்தைச் சோதிப்பார். "உம்மா, இந்தக் கால் மெலிந்து விட்டதா, பாருங்கள்" என்று ஒரு நாளைக்குப் பத்து முறை கேட்பார். தாயும் பார்த்துப் பார்த்து அழுவார்.

அன்று நான் அவருக்குச் சொன்னது என்ன தெரியுமா? "தம்பி, இது ஈமானின் பலவீனம். திக்ரை அதிகப்படுத்துங்கள்" என்றேன். ஓதி ஊதிய நீரையும் கொடுத்தனுப்பினேன். ஒரு மாதம் கழித்து அவர் மீண்டும் வந்தார். முன்னரிலும் மெலிந்திருந்தார். இப்போது அவரிடம் இரண்டு அச்சங்கள் இருந்தன. ஒன்று பழைய நோயச்சம். மற்றையது, "என் ஈமானும் போய் விட்டதோ" என்ற அச்சம். இரண்டாவது அச்சத்தை அவருக்குக் கொடுத்தவன் நானே. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக! அந்தத் தவறை வேறெவரும் செய்யலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகின்றேன்.

தசை ஏன் துடிக்கின்றது?

முதலில் உடலைப் பற்றிய உண்மையை அறிந்து கொள்வோம். நரம்பின் தூண்டுதலால் தசை இயங்குகின்றது. சில வேளைகளில் ஒரு நரம்பிழை, நாம் ஏவாமலேயே தானாகத் தூண்டப்படும். அதனோடு இணைந்த சிறு தசைநார்க் கூட்டம் தோலின் கீழே படபடக்கும். இதுவே தசைத் துடிப்பு. கண்ணிமை, கெண்டைக்கால், தொடை, பெருவிரல் ஆகிய இடங்களில் இது அதிகம் தோன்றும். ஆரோக்கியமான மனிதர்களுள் பெரும்பாலானோருக்கு வாழ்வில் எப்போதாவது இது ஏற்படுகின்றது.

தூக்கமின்மை, கடும் உடற்களைப்பு, தேநீர், கோப்பி, சக்திப் பானங்கள் ஆகியவற்றை அளவுமீறி அருந்துதல், சில மருந்துகள், மன உளைச்சல் ஆகியன இதனைத் தூண்டும். பரீட்சைக் காலத்தில் நள்ளிரவு வரை கண்விழித்து, வெறுந்தேநீரை மாறி மாறிக் குடிக்கும் நம் பிள்ளைகளிடம் இவற்றுட் பலவும் ஒருங்கே அமைந்து விடுகின்றன அல்லவா?

அவ்வாறாயின் அந்தக் கொடிய நோயைப் பற்றி என்ன சொல்வது? அந்நோய் உண்மையானது. 2014 ஆம் ஆண்டு பனிக்கட்டி நீரைத் தலையில் கவிழ்த்துக் கொள்ளும் காட்சிகள் உலகெங்கும் பரவியது இந்நோய் பற்றிய விழிப்புணர்வுக்காகவும் நிதி திரட்டுவதற்காகவுமே. எனினும் அது அரிதான நோய். பல நாடுகளில் ஓராண்டில் ஓர் இலட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவர் அல்லது இருவருக்கே அது புதிதாகக் கண்டறியப்படுகின்றது. அவர்களுள்ளும் பெரும்பாலானோர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். அந்நோயின் முதன்மை அடையாளம் துடிப்பன்று, பலவீனமே. சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியாமற் போதல், நடக்கையில் பாதம் தொங்கித் தடுக்குதல், பேச்சுக் குழறுதல், விழுங்கச் சிரமப்படுதல், தசை கண்கூடாகச் சூம்புதல் ஆகியனவே வைத்தியர்கள் தேடும் குறிகள்.

1993 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாயோ வைத்தியசாலையைச் சேர்ந்த வைத்தியர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தீங்கற்ற தசைத் துடிப்பு என்று தீர்மானிக்கப்பட்ட 121 பேரை 2 ஆண்டுகள் முதல் 32 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களுள் ஒருவருக்கேனும் அந்நோய் உண்டாகவில்லை.

அச்சம் தன்னைத் தானே வளர்ப்பது எவ்வாறு?

அஞ்சும் மனிதனின் உடல் ஆபத்தை எதிர்கொள்ள ஆயத்தமாகின்றது. அதிரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கின்றது. இதயம் வேகமாக அடிக்கின்றது, தசைகள் இறுகுகின்றன, நரம்புகள் இலகுவில் தூண்டப்படுகின்றன. துடிப்பு அதிகரிக்கின்றது. துடிப்பு அதிகரிக்கவே அச்சமும் அதிகரிக்கின்றது.

இதனோடு கவனமும் சேர்ந்து கொள்கின்றது. நீங்கள் இப்போது அணிந்திருக்கும் ஆடை உங்கள் தோளில் படுவதை, நான் சொல்லும் வரை நீங்கள் உணரவில்லை. சொன்னதும் உணர்கின்றீர்கள். ஆடை மாறவில்லை, கவனமே மாறியது. காலையே கண்காணித்துக் கொண்டிருப்பவருக்கு, பிறர் உணராத துடிப்புகளெல்லாம் தெரிகின்றன. நாளொன்றுக்கு நூறு முறை கால்விரலில் நின்று பார்ப்பவரின் கால் களைத்து நடுங்கும். அக்களைப்பையே அவர் நோயின் பலவீனம் என்று எண்ணி நடுங்குவார்.

தாயிடம் கேட்டால் பத்து நிமிடம் ஆறுதல். பின்னர் மீண்டும் ஐயம். உப்பு நீர் அருந்தியவனின் தாகம் போல, கேட்கக் கேட்கக் கேட்கும் ஆசையே வளரும். இன்று வைத்திய உலகம் இதனை நோய்ப் பதகளிப்பு என அழைக்கின்றது. இது பொய்யன்று, நடிப்புமன்று. துடிப்பும் உண்மை, துன்பமும் உண்மை. அத்துடிப்புக்கு அவர் கொடுக்கும் விளக்கமே தவறானது.

மார்க்கம் காட்டும் வழி

தொழுகையில் காற்றுப் பிரிந்து விட்டதோ என்று ஐயம் கொள்ளும் மனிதரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் முறையிடப்பட்டது. சத்தத்தைக் கேட்டாலன்றி, அல்லது வாடையை உணர்ந்தாலன்றித் தொழுகையை விட்டு வெளியேற வேண்டாம் என அன்னார் வழிகாட்டினார்கள். இதிலிருந்தே, உறுதியாகத் தெரிந்த ஒன்று வெறும் ஐயத்தினால் நீங்கி விடாது என்ற பெரும் விதியை நம் இமாம்கள் வகுத்தார்கள். வுழூவுக்குப் பொருந்தும் இந்தப் பாடம் நம் உடலாரோக்கியத்திற்கும் பொருந்தாதா? வைத்தியர் பரிசோதித்து, பலமும் உணர்வும் சரியாக உள்ளன என்று கூறிய பின், இணையத்தில் வாசித்த ஒரு வரியால் அதனை அழித்து விடலாமா?

"வைத்தியர் தவறியிருந்தால்?" என்று உள்ளம் கேட்கும். உண்மைதான், நூற்றுக்கு நூறு உறுதியை எந்த வைத்தியராலும் தர முடியாது. ஆனால் அத்தகைய உறுதியை மார்க்கமும் எல்லாவற்றிலும் கேட்கவில்லை. கிப்லாவின் திசை தெரியாத பிரயாணி என்ன செய்கின்றார்? சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்து, மேலோங்கிய எண்ணத்தின்படி ஒரு திசையைத் தெரிவு செய்து தொழுகின்றார். "தவறாக இருக்குமோ" என்று ஒவ்வொரு ரக்அத்திலும் சுழன்று கொண்டிருந்தால் அவருக்குத் தொழுகையே இல்லாது போய்விடும். வாழ்வும் அவ்வாறே.

ஸஹாபாக்களுக்கும் உள்ளத்தில் வேண்டாத எண்ணங்கள் தோன்றின. வாயால் சொல்லவும் அஞ்சுகின்றோம் என்று நபியவர்களிடம் வந்து கூறியபோது, அன்னார் அவர்களைக் கடிந்து கொள்ளவில்லை. அவ்வெண்ணத்தை வெறுக்கும் அவர்களின் நிலையே ஈமானின் தெளிவு என்றார்கள். எனவே அஞ்சும் பிள்ளையைப் பார்த்து "உனக்கு ஈமான் இல்லை" என்று கூறுவது நபிவழியன்று.

வஸ்வாஸ் வந்தால் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி, அவ்வெண்ணத்தைத் தொடர்வதை நிறுத்திக் கொள்ளுமாறும் நபியவர்கள் பணித்தார்கள். "நிறுத்திக் கொள்" என்பது மிக முக்கியமானது. ஹிஜ்ரி 974 இல் வபாத்தான ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்) அவர்களும், வஸ்வாஸுக்குப் பயன்தரும் மருந்து அதனை முற்றாகப் பொருட்படுத்தாது விடுவதே என ஃபத்வா வழங்கினார்கள். எண்ணம் வருவது நம் கையில் இல்லை. அதன் பின்னால் ஓடாதிருப்பது நம் கையில் உள்ளது.

உள்ளத்தின் நோயும் நோயே என்பது நம் முன்னோருக்குப் புதிய செய்தியன்று. ஹிஜ்ரி 322 (கி.பி. 934) இல் வபாத்தான அபூ ஸைத் அல்பல்கீ அவர்கள் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலை உடலுக்கு ஒரு பகுதி, உள்ளத்திற்கு ஒரு பகுதி என அமைத்தார்கள். வீட்டில் மருந்தை முன்கூட்டியே சேமித்து வைப்பது போல, உள்ளம் தெளிவாக இருக்கும் வேளையில் நல்ல எண்ணங்களைச் சேமித்து, கலக்கம் வரும்போது அவற்றைப் பயன்படுத்துமாறு அதில் அறிவுறுத்தினார்கள். இன்றைய உளவைத்தியம் கையாளும் சிந்தனைப் பயிற்சிகளும் இதற்கு மிக நெருக்கமானவையே.

இளைஞர்களே, செய்ய வேண்டியவை இவை

முதலில் ஒரு நல்ல வைத்தியரிடம் செல்லுங்கள். ஒட்டகத்தைக் கட்டி விட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அவர் தேவை எனக் கருதினால் இரத்தப் பரிசோதனை செய்வார், அல்லது நரம்பியல் நிபுணரிடம் அனுப்புவார். அவர் "பயமில்லை" என்றால், அதே கேள்வியோடு வைத்தியருக்கு வைத்தியர் அலையாதீர்கள். நான் மேலே கூறிய பலவீனம், சூம்புதல், பேச்சுக் குழறுதல் போன்ற புதிய குறி தோன்றினால் மாத்திரம் தாமதியாது மீண்டும் செல்லுங்கள்.

இரண்டாவது, நோயின் பெயரை இணையத்தில் தேடுவதை நிறுத்துங்கள். மூன்றாவது, காலைச் சோதிப்பதைக் குறையுங்கள். பத்து முறை பார்ப்பவர் ஐந்தாக்கட்டும், ஐந்தை ஒன்றாக்கட்டும். முதற் சில நாட்கள் தவிப்புக் கூடும், பின்னர் தணியும். நான்காவது, இஷாவுக்குப் பின் காலத்தோடு உறங்குங்கள், தேநீரையும் கோப்பியையும் குறையுங்கள், நாள்தோறும் நடவுங்கள். ஐந்தாவது, கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் பாதுகாப்புத் தேடி நபியவர்கள் கேட்ட துஆவைக் காலை மாலை ஓதுங்கள். முஸ்லிமின் காலில் குத்தும் முள் மட்டுமன்றி, அவரது கவலையும் பாவங்களுக்குப் பரிகாரமாகும் என்பது நபிமொழியின் கருத்தாகும். உங்கள் துன்பம் வீண்போகவில்லை.

பெற்றோர்களே!

பிள்ளையைப் பரிகசிக்காதீர்கள், "வேலையில்லாதவன் பேச்சு" என்று தள்ளாதீர்கள். அதே வேளை, நாள் முழுதும் அவர் காலைப் பார்த்து ஆறுதல் சொல்லிக் கொண்டும் இராதீர்கள். "மகன், இதைப் பற்றி வைத்தியர் சொல்லி விட்டார். வாருங்கள், வாப்பாவோடு கடைக்குப் போய் வரலாம்" என்று அன்போடு திசைதிருப்புங்கள். செய்வினை, சூனியம் என்று பணம் பறிப்போரிடம் கொண்டு செல்லாதீர்கள்.

அச்சம் படிப்பையும் உணவையும் உறக்கத்தையும் பறிக்குமானால் மனநல வைத்தியரை நாடுவதில் வெட்கமில்லை. அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சேவை இலவசமாகக் கிடைக்கின்றது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்திற்கும் அழைக்கலாம். "வாழ்வதே வேண்டாம்" என்று பிள்ளை ஒரு முறை சொன்னாலும் அதனை விளையாட்டாக எடுக்காமல், தனியே விடாமல், உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அந்த இளைஞரை இரண்டாம் முறை நான் வெறுங்கையோடு அனுப்பவில்லை. முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்னர் அவருடைய வாப்பாவையும் அழைத்துக் கொண்டு மூவருமாக வைத்தியரிடம் சென்றோம். வைத்தியர் அரை மணி நேரம் பரிசோதித்து, கொடிய நோய் எதற்கும் அறிகுறியில்லை என்றார். உளவளத்துணைக்கும் ஒழுங்கு செய்து தந்தார். அவ்வருடப் பரீட்சை தவறிப் போனது. அடுத்த வருடம் எழுதினார், அல்ஹம்துலில்லாஹ்.

அண்மையில் ஒரு ஜும்ஆவின் பின் அவரைச் சந்தித்தபோது, "தம்பி, கால் இன்னும் துடிக்கின்றதா?" என்று கேட்டேன். சிரித்தார். "சில நாட்களில் துடிக்கும் மௌலவி. துடித்து விட்டுப் போகட்டும்" என்றார்.

யா அல்லாஹ்! எங்கள் உடல்களுக்கு ஆஃபியத்தையும், எங்கள் உள்ளங்களுக்கு அமைதியையும், நோயுற்றோருக்கு நிறைவான ஷிஃபாவையும் தந்தருள்வாயாக! ஆமீன்.