முற்றத்துக் குழாய் சொட்டலாமா?



திருவண்ணாமலையிலுள்ள நமது பங்கு இல்லத்தின் வாயிற்புறத்தில் ஒரு குழாய் உண்டு. தம் வீட்டில் குழாய் இணைப்பு இல்லாத அயலார் சிலர் அதில்தான் குடம் நிரப்புவர். ஒரு கோடையில் அக்குழாய் சொட்டத் தொடங்கிற்று. இன்னும் சிறிது இறுக்கினால் நின்றுவிடும் என்றெண்ணி, வந்தவரெல்லாம் தம் பலம் கொண்ட மட்டும் திருகிச் சென்றனர். நாமும் அவ்வாறே செய்தோம். சில வாரங்களில் சொட்டு ஒழுக்காயிற்று. வைகாசியில் ஒரு காலை, திருப்பலி முடிந்து நாம் வெளியே வருகையில், மூதாட்டி ஒருவர் வெறுங்குடத்துடன் நின்றிருந்தார். "தொட்டி காலிங்க சாமி. ராத்திரி பூரா ஒழுகிப் போச்சாம்" என்றார். அவர் நம்மைக் குறை கூறவில்லை. அதுவே நம்மை அதிகம் சுட்டது.

நம் நகருக்கு வரும் குடிநீரில் பெரும்பகுதி, தென்பெண்ணையின் குறுக்கே 1958ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற சாத்தனூர் அணையின் நீராகும். சுமார் 30 கிலோமீட்டர் கடந்து வரும் அந்நீரை வாயிலில் சிந்தவிடுவது எத்துணை பேதைமை! நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாயில் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள் விழுகின்றன. ஏறத்தாழ 4,000 சொட்டுகள் ஒரு லிட்டர் எனக் கொண்டால், அது 21 லிட்டருக்கும் மேலாகும். ஒரு குடத்துக்கும் அதிகம். ஐயமுள்ளோர் இன்றிரவு தம் வீட்டுக் குழாயின் கீழ் ஒரு வாளியை வைத்து, விடியலில் அளந்து பார்க்கட்டும்.

சொட்டுவது ஏன்? 1845ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரில் உருவான திருகுக் குழாயின் அமைப்பே இன்றும் நம் பித்தளைக் குழாய்களில் உள்ளது. திருகும்போது தண்டு கீழிறங்கி, அதன் அடியிலுள்ள ரப்பர் வாசர் நீர்வழியை அடைக்கின்றது. வாசர் தேய்ந்தாலோ வெடித்தாலோ நீர் கசியும். அப்போது மேன்மேலும் இறுக்குவது தேய்ந்த வாசரை நசுக்குவதோடு, அது அமரும் பித்தளை விளிம்பையும் கெடுக்கும். நாம் வலிந்து திருகியதனால் வந்த வினை இதுவே.

பழுது நீக்கும் முறை கடினமன்று. முதலில் தொட்டியிலிருந்து வரும் வழியிலுள்ள கேட் வால்வை மூடுக. குழாயைத் திறந்து, எஞ்சிய நீரை வடியவிடுக. ஒரு ஸ்பானரால் குழாயின் உடலை அசையாது பற்றிக்கொண்டு, மற்றொன்றால் மேல்மரையைக் கழற்றுக. இல்லையேல் சுவருக்குள் இருக்கும் பைப் முறுக்குண்டு உடையும். பழைய வாசரைக் கடைக்கு எடுத்துச் சென்று, அதே அளவில் புதியது வாங்குக. அதன் விலை சில ரூபாய்களே. அது அமரும் விளிம்பில் மணலோ உப்புப் படிவோ இருப்பின் துடைத்துவிடுக. விளிம்பே பள்ளமாகி இருந்தால், குழாயை மாற்றுவதே நலம். தண்டைச் சுற்றி நீர் கசிந்தால், அங்குள்ள சிறிய மரையைக் கால் சுற்று இறுக்கினால் போதும். சுவரோடு சேருமிடத்தில் கசிந்தால், குழாயைக் கழற்றி, மரை இறுகும் திசையிலேயே டெஃப்லான் டேப்பைச் சுற்றி மீண்டும் பொருத்துக. கால் சுற்றில் திறக்கும் புதுவகைக் குழாய்களில் வாசருக்குப் பதிலாக உள்ளிருக்கும் முழுப் பாகத்தையும் மாற்ற வேண்டும்.

பருவத்திற்கேற்ற காவலும் வேண்டும். கனடாவில் வாழும் நம் பிள்ளைகள், பனிக்காலத்திற்கு முன்னரே வெளிக்குழாயின் ஹோஸைக் கழற்றி, வீட்டுக்குள்ளிருக்கும் வால்வை மூடி, பைப்பிலுள்ள நீரை வடித்துவிடுகின்றனர். நீர் உறையும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பருப்பதால் பைப் வெடித்துவிடும் என்பதே காரணம். உறைபனி விழும் உதகையிலும் வெளிக்குழாய்களைச் சாக்கினால் சுற்றிக் காப்பது நன்று. நமக்கோ பகைவன் பனியன்று, வெயில். வெயில் நேரே படும் பி.வி.சி. பைப் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடைகின்றது. அதனை மண்ணில் புதைத்தல் வேண்டும். இயலாவிடில் வெளிர்நிற வண்ணம் பூசுக. தை, மாசி மாதங்களில் எல்லாக் குழாய்களையும் ஒருமுறை சோதித்துவிட்டால், கத்திரி வெயிலில் தவிக்க நேராது.

இது சிறிய செயல் என எண்ணற்க. ஆபித் சூர்த்தி என்னும் எழுத்தாளர், 2007ஆம் ஆண்டில் மும்பையை அடுத்த மீரா ரோடு பகுதியில், ஞாயிறுதோறும் ஒரு பிளம்பரை அழைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றார். ஒழுகும் குழாய்களைக் கட்டணமின்றிச் செப்பனிட்டார். முதல் ஆண்டிலேயே 1,666 வீடுகளுக்குச் சென்று, 414 குழாய்களைச் சீராக்கினார். எழுபது வயதைக் கடந்த ஒருவர் பிறர் வீட்டுக்காக இதனைச் செய்தாரெனில், நம் வீட்டுக்காக நாம் அரைமணி நேரம் ஒதுக்கலாகாதா?

அம்மூதாட்டி வெறுங்குடத்துடன் திரும்பிய அன்று மாலையே, நம் இளைஞர் ஒருவர் ஸ்பானருடன் வந்தார். வாசரை மாற்ற இருபது நிமிடங்கள்கூட ஆகவில்லை. மறுநாள் அந்த அம்மையார் குடத்தை நிரப்பிக்கொண்டு, வழக்கம்போல் இரு கைகளாலும் குழாயை இறுக்க முயன்றார். "ரெண்டு விரல் போதும், பாட்டி" என்றான் அருகே நின்ற சிறுவன். அவ்வாறே மூடினார், ஒரு சொட்டும் விழவில்லை. அச்சிறுவனின் சொல்லை நாம் ஒரு பலகையில் எழுதுவித்து, அக்குழாயின் மேல் மாட்டி வைத்திருக்கிறோம்.